ரோட்டுக்கும் ஏரிக்கும் ஒரே மெஷின்

இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறது, போனுக்குள்ளேயே ரோடும் இருக்கிறது. உத்திரமேரூரில் பஸ்ஸை விட்டு இறங்கி எங்கள் ஊருக்கு வழி கேட்கிற ஆளே இல்லாமல் போய்விட்டது. நான் சொல்லப்போவது அதற்குச் சற்று முந்தின காலம். அப்போது எங்கள் போனில் பேசலாம், டார்ச் அடிக்கலாம், அவ்வளவுதான். வழி காட்டுவதற்கென்றே தனியாக ஒரு மெஷின் கடையில் விற்றது. ஜிபிஎஸ் என்பார்கள். அதை நாங்கள் வாங்கினோம். எங்கள் ஊரில் வேறு யாரும் வாங்கவில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை என்றால் பொய்யாகிவிடும். பெருமைக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நான் படித்தது மூன்றாவது வரைக்கும். எழுத்துக் கூட்டி, நிறுத்தி நிறுத்தித்தான் எழுத வரும். அவசரமில்லாதவர்கள் படித்தால் போதும்.

என் வீட்டுக்காரருக்குப் பயிர் வேலை போக ஒரு வேன் இருந்தது. கல்யாணம், காதுகுத்து, கருமாதி என்று எந்த ஊரில் எது நடந்தாலும் நாற்காலி, அண்டா, பந்தல் சாமான்களை வாடகைக்கு ஏற்றிப்போய் இறக்குவார். வேலையில் சுத்தம். ஒரே ஒரு குறை, வழி கேட்க மாட்டார். வாயைத் திறந்து ஒருத்தரிடம் வழி கேட்டால் மீசை உதிர்ந்துவிடும் என்று நினைப்பு. எங்கள் பக்கத்தில் ஒரே பேரில் இரண்டு மூன்று ஊர் இருக்கும். ஒருமுறை காதுகுத்துக்கு என்று ஏற்றிக்கொண்டு போனவர், அதே பேருள்ள வேறொரு ஊரில், வாசலில் வாழைமரம் கட்டியிருந்த வீட்டைப் பார்த்து இறக்கிவிட்டு வந்தார். அங்கே நடந்தது சீமந்தம். யாரோ சொந்தக்காரர் அனுப்பியிருக்கிறார் என்று நினைத்து அவர்களும் நாற்காலியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். காதுகுத்து வீட்டில் எல்லாரும் நின்றுகொண்டே சாப்பிட்டார்களாம்.

"கேட்டா இன்னாங்க, வாயில கீற முத்து கொட்டிப்பூடுமா?" என்றேன்.

"பேரு சரியாத்தாமே இருந்துச்சி. ஊருதான் தப்பு" என்றார்.

அதற்குப் பிறகுதான் காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில், சென்னையிலிருந்து வந்த கார் ஒன்றில் அந்த மெஷினைப் பார்த்துவிட்டு வந்தார். கண்ணாடியில் ஒட்டியிருந்ததாம். ஒரு பெண் குரல் இங்கே திரும்பு, அங்கே திரும்பு என்று சொன்னதாம். மனிதரிடம் கேட்டால்தானே கௌரவக் குறைச்சல், மெஷின் தானாகவே சொல்லும். அவருக்கு அதன்மேல் ஆசை விழுந்துவிட்டது. நான் காது கொடுக்கவில்லை. பேசுகிற பெண் ஒருத்தி வீட்டில் இருப்பது போதாதா என்று விட்டுவிட்டேன்.

பிறகு நானே அதைக் கேட்கும்படி ஆனது. அதற்கு எங்கள் கன்னிமாரைப் பற்றிச் சொல்லவேண்டும்.

எங்கள் வகையறாவுக்குக் குலதெய்வம் ஏழு கன்னிமார். கோயில் கிடையாது, கூரை கிடையாது. ஊர்ச் சித்தேரியில் தண்ணீர் நிற்கிற தரையிலேயே ஏழு கல், அவ்வளவுதான். மழைக்காலத்தில் அவர்கள் தண்ணீருக்குள் இருப்பார்கள். ஆடியில் ஏரி காய்ந்ததும் பங்காளிகள் எல்லாரும் கூடி, மண்ணுக்குள் இருக்கிற கற்களை எடுத்துக் கழுவி, மஞ்சள் பூசி, வரிசையாக நிறுத்திப் பொங்கல் வைப்போம். முடிந்ததும் கற்களை முகம் கவிழ்த்துப் படுக்கவைத்து மண்ணைத் தள்ளி மூடிவிடுவோம். மேலே ஒரு குச்சி நடக் கூடாது, ஒரு செங்கல் வைக்கக் கூடாது. "கன்னிப் பொண்ணுங்க குளிக்கிற எடத்துல எவனாவது கொடி நடுவானா?" என்பாள் என் மாமியார்.

அந்த இடத்தை நினைவில் வைத்திருப்பது மூத்த மருமகளின் வேலை. ஆண்களுக்குச் சொல்வதில்லை. மகள்கள் வேறு ஊருக்குப் போகிறவர்கள், அவர்களுக்கும் சொல்வதில்லை. கூப்பிடு தூரத்தில் எல்லாரும் செருப்பை விட்டுவிட்டு நின்றுகொள்வார்கள். தோல் சாமான் எதுவும் அந்த இடத்தைத் தாண்டக் கூடாது. ஆண்கள் இடுப்புப் பெல்ட்டைக்கூட அவிழ்த்துச் செருப்பின்மேல் வைப்பார்கள். மூத்தவள் மட்டும் மதகைப் பார்த்து நடந்துபோய், முதல் கல்லைத் தூக்கி நிறுத்திவிட்டுக் குரல் கொடுப்பாள். அதன்பிறகுதான் மற்றவர்கள் வரலாம். பின்னால் வந்து பார்க்கிறவர்களுக்கு இடம் தெரியாதா என்றால், தெரியாது. ஏரித் தரை எங்கே பார்த்தாலும் ஒரே தரை. ஒரு மழை போதும், எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடும்.

எனக்கு என்று ஒரு உத்தியோகம் இருந்தது என்றால் அது அதுதான். என் மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு போய்க் காட்டியது. ஏரிக்குள் நின்ற இரண்டு கருவேல மரங்களுக்கு நடுவில் கரையிலிருக்கிற மதகு தெரியவேண்டும். தெரிகிற இடத்தில் குனிந்தால் கல். ஒரு வருஷம்கூட நான் தவறியதில்லை.

ஒரு வருஷம் ஏரிக்குள் இருந்த கருவேல மரங்களையெல்லாம் ஏலம் விட்டு வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். என் இரண்டு மரமும் அதோடு போயிற்று. அந்த ஆடியில் நான் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய்க் குத்துகிறேன், குத்துகிறேன், வெறும் மண். பானையும் அரிசியும் வைத்துக்கொண்டு அத்தனை பேரும் வெயிலில் நிற்கிறார்கள். பிள்ளைகள் பசியில் அழுகின்றன. காலையில் போனவள் பொழுது சாயும்போதுதான் கடப்பாரை நுனியில் கல் தட்டுப்பட்டுக் குரல் கொடுத்தேன்.

பொங்கல் இறக்கும்போது என் கொழுந்தனார் பேச்சை எடுத்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. எல்லாம் சுளுவாக நடக்கவேண்டும் என்பார், அவ்வளவுதான்.

"அண்ணி, கோச்சிக்காதீங்க. கரமேல ரோட்டுப் பக்கம் சிமென்ட்டுல ஒரு மேடை கட்டி, புதுசா ஏழு கல்லு நட்டுடலாம். கார்ல வர்றவங்க கார்ல இருந்து இறங்கினதுமே கும்புட்டுக்கலாம்."

பங்காளிகளில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். மீதிப் பேர் பசியில் இருந்ததால் ஆட்டவில்லை.

"அப்ப தண்ணிக்குள்ள கீறவங்க?" என்றேன்.

"அவங்க அங்கியே இருக்கட்டும். யாரு வாணான்னா."

அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னேன்: "அடுத்த ஆடிக்கு நான் நேராப் போய் அந்த எடத்துல நிப்பேன். நிக்கலன்னா நீங்க சிமென்ட்டு போட்டுக்குங்க. நான் ஒரு வார்த்த பேச மாட்டேன்."

சொல்லிவிட்டேனே தவிர எப்படி நிற்பேன் என்று எனக்கே தெரியாது. வருகிற வழியில் வேனில் என் வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"அந்த மெஷினு ரோட்டத்தான் காட்டுமா, இல்ல ஒரு எடத்தக் காட்டி வெச்சா நெனப்புல வெச்சிக்குமா?"

அவர் வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டார். அவ்வளவு சந்தோஷம்.

ஆவணி பிறந்ததும் சென்னைக்குக் கிளம்பினோம். செங்கல்பட்டு வரைக்கும் பஸ், அங்கிருந்து மின்சார ரயில். என் கொழுந்தனாரின் மனைவி, என் ஓரகத்தி, "நானும் வரேங்க்கா, ரயிலு ஏறி எத்தினி நாளாச்சி" என்று கூட வந்தாள். அவள் புருஷன் சிமென்ட் கட்சி, அவள் என் கட்சி. வீட்டுக்குள் அது பெரிய வேடிக்கை.

கடை ஒரு ஆள் நிற்கிற அகலம்தான். கடைக்காரர் கண்ணாடி போட்ட, நிதானமான மனிதர். என் வீட்டுக்காரர் கேட்டதும் ஒன்றை எடுத்து வைத்தார். முகம் பெரியது, தோசைத் திருப்பி அகலம். கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், பேசும், ரோடெல்லாம் கலர் கலராகத் தெரியும்.

"இத்த ஏரிக்குள்ள எடுத்துனு போனா?" என்றேன்.

"ஏரியிலயாம்மா? இதுக்கு ரோடு மட்டுந்தான் தெரியும். ரோட்ட விட்டு எறங்கினா, பக்கத்துல கீற ரோட்டுலதான் நிக்கிறீங்கன்னு சாதிக்கும்."

"எங்க வூட்டுக்காரரு மாதிரி" என்றாள் ஓரகத்தி.

கடைக்காரர் சிரித்துக்கொண்டே இன்னொன்றை எடுத்தார். அது கைக்கு அடக்கமாக, டார்ச் லைட் மாதிரி இருந்தது. பேசாது. இரண்டு கட்டை பேட்டரி போடவேண்டும். தண்ணீரில் நனைந்தாலும், கீழே விழுந்தாலும் ஒன்றும் ஆகாது. ரோடு ஒன்றும் பெரிதாகத் தெரியாது. அம்புக்குறி மட்டும் காட்டும், இந்தப் பக்கம் இவ்வளவு தூரம் என்று.

"இத்த யாரு வாங்குவாங்க?" என்று கேட்டேன்.

"மலை ஏறுறவங்க வாங்குவாங்க. அப்புறம் இத வெச்சி வெள்ளைக்காரங்க ஆடுற ஒரு விளையாட்டு இருக்கும்மா. ஒருத்தர் காட்டுலயோ பாறை இடுக்குலயோ ஒரு டப்பாவ ஒளிச்சி வெச்சிட்டு, அந்த இடத்தோட நம்பர மட்டும் ஊருக்கெல்லாம் சொல்லிடுவாரு. எங்க எங்கயோ இருந்து ஆளுங்க இந்த மெஷின வெச்சிக்கிட்டு வந்து தேடிக் கண்டுபிடிப்பாங்க."

"கண்டுபுடிச்சி? டப்பாவுல இன்னா இருக்கும்?"

"ஒண்ணும் பெருசா இருக்காது. பொம்மை, பென்சில் மாதிரி எதுனா. பாத்துட்டு, இருந்த மாதிரியே திரும்ப மூடி வெச்சிட்டுப் போயிடணும். மத்தவங்க கண்ணுல படக் கூடாது, அடையாளம் வைக்கக் கூடாது. அதான் விளையாட்டு."

எனக்குச் சிலிர்த்துவிட்டது. ஓரகத்தியைப் பார்த்தேன். அவளும் என்னைத்தான் பார்த்தாள்.

"நம்மளும் அதத்தானேக்கா பண்ணினு கீறோம்" என்றாள்.

"நம்மள்து வெளையாட்டு இல்லடி" என்றேன். ஆனாலும் எங்கோ இருக்கிற வெள்ளைக்காரர்களுக்கும் இது தோன்றியிருக்கிறதே என்று இருந்தது.

எனக்கு அந்த டார்ச் மாதிரி இருந்ததுதான் வேண்டும். அவருக்கு அந்தப் பேசுகிறதுதான் வேண்டும். கடைக்குள்ளேயே எங்களுக்குள் சண்டை வந்துவிட்டது.

"வருசத்துக்கு ஒரு நாளு ஏரிக்குப் போறதுக்கு ஒரு மெஷினா? நான் தெனம் ரோட்டுல போறேன்மே."

"தெனம் போற ரோட்டுக்கு எதுக்கு மெஷினு?"

கடைக்காரர் எத்தனை குடும்பத்தைப் பார்த்திருப்பாரோ, உள்ளே போய் மூன்றாவதாக ஒன்றைக் கொண்டுவந்தார். முகம் நடுத்தரம். வேனில் வைத்தால் பேசும், ஆனால் குரல் கொஞ்சம் மெதுவாக இருக்கும். கையில் எடுத்துக்கொண்டு நடந்தால் அம்பு காட்டும். தண்ணீர் தெளித்தால் தாங்கும், முக்கக் கூடாது. இரண்டு வேலையும் செய்யும், ஆனால் இரண்டிலும் முதல் தரம் என்று சொல்ல முடியாது என்று அவரே சொன்னார். எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போனது.

"ஒண்ணு மட்டும் மறக்காதீங்க. வண்டியில இருக்கும்போது கார் கணக்குல வைக்கணும், எறங்கி நடந்தா கால் கணக்குக்கு மாத்தணும். மாத்தலன்னா உங்களத் தூக்கி ரோட்டுமேல வெச்சிடும். அப்புறம் வானம் தெரியற எடமா இருக்கணும். மேல சுத்துற செயற்கைக்கோளப் பாத்துதான் இது எடம் சொல்லுது. அப்பவும் நாலு தப்படி முன்ன பின்ன இருக்கும்."

அதையே வாங்கினோம். ரயிலில் வரும்போது ஓரகத்தி மடியில் வைத்துக்கொண்டு வந்தாள், பச்சைப் பிள்ளையை வைத்திருக்கிற மாதிரி.

அந்த ஆவணி, புரட்டாசி இரண்டு மாதத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பாக இருக்கிறது. வாடகைக்கு வேன் கிளம்பினால் நானும் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொள்வேன். கல்யாணம் ஆகி அத்தனை வருஷத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஊர் ஊராகச் சுற்றியது அப்போதுதான். மெஷின் இங்கிலீஷில்தான் பேசும். லெஃப்ட், ரைட் எனக்குத் தெரியும். அவர் அதற்குத் தமிழில் பதில் சொல்லிக்கொண்டே ஓட்டுவார். "சர்தாம்மா." "தோ திரும்பறேன்." "அந்த ரோட்டுல பள்ளம், வாணாம்." அது சொன்ன பக்கம் போகாவிட்டால் நீளமாக ஒரு வார்த்தை சொல்லும். அது திட்டுகிறது என்றுதான் நாங்கள் நினைத்தோம். வேறு வழி கணக்குப் போடுகிறேன் என்று அர்த்தமாம்.

"ஏங்க, நான் எத்தினி நாளு சொல்லியிருக்கேன், இந்தப் பக்கம் போங்கன்னு. எங்கிட்ட ஒரு நாளாவது சர்தாம்மான்னு சொல்லியிருக்கீங்களா?"

"அது ஒருவாட்டிதாமே சொல்லுது" என்றார்.

புள்ளலூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு அண்டா இறக்கப் போனபோது ஊருக்குள் நுழைந்து, மெஷின் சொன்ன சந்தில் திரும்பி, சரியான வாசலில் போய் நின்றோம். பந்தல் போட நின்றிருந்தவர் "வழி கண்டுபுடிக்கக் கஷ்டமா இருந்துச்சா?" என்று கேட்டார். இவர் மீசையைத் தடவிக்கொண்டு, "எனக்குத் தெரியாத ஊரா?" என்றார். மெஷினைத் துண்டால் மூடிவிட்டுத்தான் இறங்கினார். கண்ணாடியில் ஒட்டுகிற ரப்பர் அடிக்கடி கழன்று விழுகிறது என்று உத்திரமேரூரில் செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்து, தோலில் உறை ஒன்று இழுத்துத் தைத்து வாரும் வைத்துக்கொண்டார். அழகாகத்தான் இருந்தது. அந்த உறையால்தான் அத்தனையும் வந்தது.

மழை பிடிப்பதற்குள் கன்னிமார் இடத்தை மெஷினுக்குக் காட்டிவிடவேண்டும். பொங்கல் வைத்த அடுப்புச் சாம்பல் கறுப்பாக இன்னும் தெரிந்துகொண்டிருந்தது. நான், அவர், ஓரகத்தி மூன்று பேரும் போனோம். செருப்பு விடுகிற இடத்தில் செருப்பை விட்டோம். அவர் கடைக்காரர் சொன்னதை மறக்காமல் கார் கணக்கிலிருந்து கால் கணக்குக்கு மாற்றினார். வானத்தைப் பார்த்துக்கொண்டார். மெஷினைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு அடி வைத்தார்.

"தோலு" என்றேன்.

"உறைய அவுத்துட்டு எடுத்தாரேன்மே."

"தோலுக்குள்ளயே ஊறின பொருளு. அவுத்தா மட்டும் பூடுமா? நீங்க இங்கியே நில்லுங்க."

"அப்ப எப்படி இதுக்கு எடம் தெரியும்?"

"மேல இருந்துதான பாக்குதுன்னு சொன்னாரு? மேல இருந்து பாக்கறவனுக்கு நான் எங்க நிக்கறேன்னு தெரியாதா? நான் அங்க போய் நின்னுகினு கூப்புடறேன். நீங்க பட்டன அமுக்குங்க."

அவருக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஓரகத்திக்கும் பட்டது. ஆகாயத்தில் கண் வைத்திருக்கிறவன் ஏரிக்கு நடுவில் தனியாக நிற்கிற என்னை விட்டுவிட்டு வேறு எதைப் பார்ப்பான்? நான் மதகைப் பார்த்து நடந்துபோய்ச் சாம்பல்மேல் நின்று, இரண்டு கையையும் வாயருகே குவித்து, "அமுக்குங்க" என்று கத்தினேன். அமுக்கிவிட்டேன் என்று அவர் துண்டை ஆட்டினார். மூன்று பேரும் நிம்மதியாக வீட்டுக்கு வந்தோம்.

அந்த வருஷம் நல்ல மழை. ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தது. கோடையில் தண்ணீர் வற்றியதும் லாரிகள் வந்து கரையோரத்து மண்ணை அள்ளிக்கொண்டு போயின. கோழி கிளறின மாதிரி ஆகிவிட்டது தரை. எது எங்கே இருந்தது என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. கொழுந்தனார் சிமென்ட் மூட்டையை இறக்கி, ஈரம் படாமல் பலகைமேல் அடுக்கி வைத்துவிட்டார். நான் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன். எனக்கு மெஷின் இருந்தது.

ஆடி ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வந்துவிட்டார்கள். வழக்கத்தைவிடக் கூட்டம். நான் சொன்ன சொல்லைப் பார்க்க வந்தவர்களும் உண்டு. செருப்பைக் கரையிலேயே விட்டு ஏரிக்குள் இறங்கியதும் என் வீட்டுக்காரர் மெஷினைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். தோல் உறையோ, நான் தனியாக முன்னால் போகவேண்டும் என்பதோ அன்றைக்கு எனக்கு நினைவிலேயே இல்லை, சொன்ன சொல்தான் இருந்தது. அவருக்குப் பின்னால் நான், பானையோடு ஓரகத்தி, வேப்பிலைக் கட்டு, விறகு, பிள்ளைகள் என்று வரிசை. அம்பு காட்டிய பக்கமெல்லாம் வரிசை வளைந்தது. பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறி, ஒரு இடத்தில் மெஷின் கிணுகிணு என்றது. வந்துவிட்டதாம்.

"நேரா வந்து நின்னுட்டாங்கப்பா" என்றார் ஒரு பங்காளி.

நான் யாரையும் பார்க்கவில்லை. தலையை நிமிர்த்திக்கொண்டு கடப்பாரையை வாங்கிக் குத்தினேன். மண். தள்ளிக் குத்தினேன். மண். நாலு தப்படி முன்ன பின்ன என்று கடைக்காரர் சொன்னாரே என்று சுற்றிக் குத்தினேன். கடைசியில் எதிலோ மெத்தென்று மாட்டியது. ஓரகத்தி குனிந்து கையால் மண்ணைத் தள்ளி இழுத்தாள். ஊதா வார் போட்ட ரப்பர் செருப்பு, ஒற்றை.

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கட்டை விரல் பக்கம் ஊக்கு குத்தியிருந்தது.

"அக்கா, இது என்துதான். போன வருசம் மெஷினுக்கு எடம் காட்ட வந்தமே, திரும்ப சொல்லோ ஒத்தச் செருப்பு காணாம, நாயி தூக்கினு பூட்ச்சின்னு விட்டுட்டு வந்தேன். இங்கியே வெடிப்புல வுழுந்து கெடந்துகீது."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மெஷின் ஒரு தப்பும் செய்யவில்லை. அது எங்கே இருந்ததோ அந்த இடத்தைத்தான் பத்திரமாக நினைவில் வைத்திருந்தது. நாங்கள் சாமிக்கு மரியாதை செய்கிறோம் என்று அதற்குச் செருப்பு விட்ட இடத்தைக் காட்டிவிட்டு வந்திருக்கிறோம்.

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. பிறகு எல்லாரும் சிரித்தார்கள். "செருப்புக்குப் பொங்கல் வெச்சிடலாமா பெரிம்மா?" என்று ஒருத்தி கேட்டாள். கொழுந்தனார் மட்டும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

"அண்ணி, பரவால்ல உடுங்க. நீங்க இன்னா கொறச்சலாவா பாடுபட்டீங்க. சிமென்ட்டு வாங்கி வெச்சிட்டேன். எல்லாரும் கரைக்கு ஏறலாம்."

சொன்ன சொல் சொல்தான். நான் ஒரு வார்த்தை பேசக் கூடாது. கடப்பாரையை மண்ணில் சாய்த்தேன். பங்காளிகள் விறகைத் தூக்க ஆரம்பித்தார்கள்.

அப்போது என் வீட்டுக்காரர், "இருங்கப்பா" என்றார். "எதுக்கு ஏறணும்? பாதி எடம் கெடச்சிட்ச்சி இல்ல?"

"எது பாதி?" என்றார் கொழுந்தனார்.

"இது செருப்பு உட்ட எடம். இங்க இருந்து மதகப் பாத்து இவ நடப்பா. பக்கம் தெரியும், தூரந்தான் தெரியாது. இன்னாமே, நீ நட. போன வருசம் இன்னா சத்தம் போட்டியோ அதே சத்தம் போட்டுகினே போ. நான் சொல்றேன்."

"கூப்புட்ட சத்தத்த இப்ப வெச்சி எப்படிங்க அளப்பீங்க?"

"நீ நடமே."

மதகைப் பார்த்து நடந்தேன். கொஞ்ச தூரம் போய்க் கையைக் குவித்து, "அமுக்குங்க" என்றேன். பின்னால் சிரிப்பு.

"கிட்ட கீற. இன்னும் போ."

இன்னும் போய்க் கத்தினேன்.

"இப்ப கோவமா கத்தற. போன வருசம் கோவம் இல்ல. மாத்திக் கத்து."

கோபத்தை அடக்கிக்கொண்டு கத்தினேன். இன்னும் போ என்றார். இன்னொரு முறை கத்தினேன். கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறார், பாட்டுக் கேட்கிறவர் மாதிரி. கூட்டத்தில் சிரிப்பு நின்றுபோயிருந்தது.

"தாண்டிட்ட. கொஞ்சம் பின்னால வா. தோ, அங்கதான். நில்லு."

கடப்பாரையைப் போட்டேன். மண். பக்கத்தில் போட்டேன். அதுவும் மண். மூன்றாவது போட்டது கையில் அதிர்ந்தது. அந்த அதிர்ச்சி எனக்குத் தெரியும்.

கையால் மண்ணைத் தள்ளி, கல்லின் விளிம்பைத் துடைத்தேன். முதல் கல்லைத் தூக்கி நிறுத்தினேன். நான் குரல் கொடுப்பதற்கு முன்னாலேயே பிள்ளைகள் ஓடிவந்துவிட்டார்கள்.

எப்படித் தெரிந்தது என்று பிறகு அவரைக் கேட்டேன். "எத்தினி வருசமா கொல்லையில இருந்தும் களத்துல இருந்தும் என்னக் கூப்புட்டுகினே கீற. நீ எங்க இருந்து கத்தறன்னு எனக்குத் தெரியாதா?" என்றார். அதற்குமேல் அதைப் பற்றி அவர் பேசவில்லை. வடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்கு நான் இன்னொன்று செய்தேன். மெஷினை உறையை விட்டு எடுக்கச் சொன்னேன். அதன்மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். தெளித்தால் தாங்கும் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். ஓரகத்தியிடம் கொடுத்து, கல்லுக்கு நேராக நிற்கவைத்து, "நீ அமுக்கு" என்றேன்.

"நானா? நான் எளையவதானேக்கா" என்று பின்னால் நகர்ந்தாள். இந்த வீட்டுக்கு வந்த நாளாக ஒவ்வொரு ஆடியும் அவள் செருப்பு விட்ட இடத்திலேயே நின்றவள். அடுத்த மருமகள் வரும் வரைக்கும் நான் மட்டும்தான் தெரிந்து வைத்திருக்கவேண்டும் என்பது வழக்கம். ஆனால் இரண்டு மரம் போனதற்கே நான் அத்தனை பேர் முன்னால் நின்ற நிலை எனக்கல்லவா தெரியும். நான் போனால்?

"என் கையெல்லாம் ஈரம். அமுக்குடி" என்றேன். அமுக்கினாள். கொழுந்தனார் அந்தச் சிமென்ட்டை மாட்டுக் கொட்டகைத் தரைக்குப் போட்டுவிட்டார். மாடு வழுக்குகிறது என்று இன்றைக்கும் ஓரகத்தி அவரைத் திட்டுகிறாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆடியும் நேராகப் போய் நின்றோம். மெஷின் நல்ல உழைப்பு உழைத்தது. ஆனால் அதற்குள் இருந்த ரோடெல்லாம் பழசாகிக்கொண்டே வந்தது. புதிதாகப் போட்ட ரோட்டில் நாங்கள் போனால் அதில் ரோடே இருக்காது. வெறும் பச்சை நடுவில் அம்பு போய்க்கொண்டிருக்கும். அவருக்கு அது ரொம்பப் பிடிக்கும். "பாரும்மே, நெல்லு மேலயே ஓட்டினு போறேன்" என்பார். புதிது வாங்கச் சொன்னால் கேட்கவில்லை. ஊர் முழுக்கப் போன் வந்த பிறகும் அவர் வேனில் அதுதான் இருந்தது. வழி தெரியாமல் போகும்போதெல்லாம் நானும் அவரோடு முன் சீட்டில் இருந்தேன். அது எங்கே கூட்டிக்கொண்டு போனாலும் எனக்குச் சம்மதமாகத்தான் இருந்தது.

அவர் போய்விட்டார். அந்த வருஷம் எங்களுக்குப் பொங்கல் இல்லை; சாவு விழுந்த வருஷம் கன்னிமாரை எழுப்புவதில்லை. போன ஆடியில்தான் மறுபடி போனோம். மெஷினில் இருந்த இடத்தை யாரோ எடுத்துப் போனுக்குள் போட்டுக்கொடுத்திருந்தார்கள். எனக்கு முட்டி மடங்கவில்லை. கொழுந்தனார் என் செருப்பை வாங்கி ஓரமாக வைத்தார். ஓரகத்தி போனைப் பிடித்துக்கொண்டு முன்னால் போக, நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அவள் குத்தின முதல் குத்திலேயே கல் கிடைத்தது. எனக்காக நகர்ந்து இடம் விட்டாள்.

"தூக்குக்கா."

"குனிய முடியல. நீ தூக்கு."

"மொதக் கல்லு நீதானேக்கா தூக்கணும்."

"பெரியவ சொல்றேன், தூக்குடி."

அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்து, கல்லுக்கு அடியில் கையைக் கொடுத்தாள். வரவில்லை. பக்கவாட்டில் ஆட்டி, மூச்சைப் பிடித்து, மெள்ள மெள்ள நிமிர்த்தினாள். நெற்றியெல்லாம் வேர்த்து, மஞ்சளும் மண்ணுமாக நின்றாள்.

"இம்மாம் கனம் கனக்குதே, இத்தினி வருசத்துல ஒரு நாளாவது சொல்லியிருப்பியாக்கா நீ?"

"நீ கேட்டியா?" என்றேன். "கூப்புடு, எல்லாரும் நின்னுகினு கீறாங்க."